கூட்டுப் புத்தகம்

என் தம்பியைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துப் பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்தேன். உறவினர் யாராவது படித்துவிடுவார்களோ என்ற அச்சம் ஒரு காரணம்; எழுத எழுத அவன்மேல் இரக்கம் வந்துவிடுமோ என்ற அச்சம் இன்னொரு காரணம். இந்த ஆண்டு தை மாதம் நடந்த என் மகளின் திருமணத்தில் தாய்மாமன் இடத்தில் அவனே நின்றான். அதைப் பார்த்தவர்களில் சிலர், எல்லாம் சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தார்கள். வேறு சிலர், இவளுக்குச் சூடு சொரணையே கிடையாதா என்று சமையல்கட்டில் பேசிக்கொண்டார்கள். இரண்டு தரப்பாரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் இப்போது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து கோல கங்சாருக்குப் போகும் பழைய பெருஞ்சாலையில் உள்ள, தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரம் இது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையும் அதையடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையும் சொல்லும்போது வரலாற்றுப் பாடத்தில் இவ்வூரின் பெயர் வரும். எங்கள் வீடுகளில் பேசப்பட்ட வரலாறு வேறு. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டு, வேலையோடு லயத்து வீடும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பறிபோய் மக்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், இதே ஊரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேர்த்தால் நாமே தோட்டம் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினார். (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றே சொல்வோம்.) என் பாட்டியும் அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியவர். பங்குப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் மாரியம்மன் படத்துக்கு அடியில் வைத்திருந்தார். வங்கிக்காரர் எவரும் லயத்துக்கு வந்து பார்த்திராத எங்கள் சனங்களுக்குப் பணத்தைப் பத்திரப்படுத்துவது என்றால் அதைத் தெரிந்த மனிதரின் கையில் கொடுப்பது என்றுதான் பொருள்.

அந்தப் பழக்கத்தில் வளர்ந்த இன்னொன்று கூட்டு, தமிழ்நாட்டில் சீட்டு என்பார்களே, அது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அம்மாதான் கூட்டுத் தலைவி. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த) காலத்திலிருந்தே அவர் கூட்டுப் பிடித்து வந்தார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, லயத்தைக் காலி செய்து மலிவு விலை வீட்டுக்கு வந்தும் அந்தப் பெண்கள் அம்மாவிடமே வந்தார்கள். 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து அந்த வீட்டின் கடனை அடைத்தவர், காலையில் வாசலில் தோசையும் நாசி லெமாக்கும் விற்றுக்கொண்டிருந்தார். 2011 ஜனவரியில் தொடங்கிய கூட்டில் இருபது பங்குகள், பங்குக்கு மாதம் 300 வெள்ளி, இருபது மாதங்கள். ஆக ஒவ்வொரு மாதமும் சேரும் தொகை 6,000. முதல் மாதத் தொகை முழுதும் வழக்கப்படி தலைவிக்கு. பொறுப்பைச் சுமப்பதற்கு அதுதான் கூலி. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். அவசரத் தேவை உள்ளவர் கழிவு கேட்டு எடுப்பார், அந்தக் கழிவு இன்னும் எடுக்காதவர்களுக்குக் கட்டணக் குறைவாகப் பிரியும். எடுத்தவர் கடைசி மாதம் வரை முழு 300 வெள்ளியையும் கட்டியாக வேண்டும். யாராவது கட்டாமல் ஓடினால் தலைவி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். எழுத்தில் எதுவும் கிடையாது. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் பெயரும் மாதமும் மட்டும் இருக்கும்.

தம்பி இரண்டு பங்கு போட்டான், ஒன்று அவன் பெயரில், ஒன்று அவன் மனைவி பெயரில். மார்ச் மாதம் ஆயிரம் வெள்ளி கழித்து முதல் பங்கை எடுத்தான். கையில் வந்தது 5,000. ஏப்ரலில் 900 கழித்து இரண்டாவதை எடுத்தான், 5,100. அடுத்தடுத்த மாதங்களில் இத்தனை பெரிய கழிவில் எடுக்கிறானே என்று எனக்கு அப்போதே உறுத்தியது. நகரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. பிறர் கணக்கில் இப்படி ஒன்றைக் கண்டால் கேட்காமல் விடமாட்டேன். அவனிடம் கேட்கவில்லை. ஜூன் வரை கட்டினான். ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டுக்குப் பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தபோது அவன் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. மறுநாள் ஈப்போவில் அவன் குடியிருந்த வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஜொகூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

கட்ட வேண்டிய பாக்கி பதினான்கு மாதம், மாதம் 600, மொத்தம் 8,400 வெள்ளி. வசதி உள்ளவர்களுக்கு இது சிறிய தொகையாகத் தோன்றும். தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளமே 2013இல்தான் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், தோசை விற்கும் ஒரு கிழவிக்கும் 1,100 வெள்ளி சம்பளம் வாங்கும் அவர் மகளுக்கும் 8,400 எவ்வளவு என்பதை அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டை வைத்திருப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

துரோகம் தெரியவந்த முதல் சில மாதங்களில் நான் அவனோடு சண்டை போடவில்லை. போடுவதற்கு அவன் இல்லை. நான் சண்டை போட்டதெல்லாம் அம்மாவோடு. ஓடியவன் ஓடிவிடுவான், அவன்மேல் வரவேண்டிய கோபம், நம் பக்கத்திலேயே நின்று நம்மோடு சேர்ந்து அடிபடுகிறவர்மேல் இறங்கிவிடும். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஒன்றரை ஆண்டில் அம்மாவிடம் பேசிய சில சொற்களைப் பேசாமல் இருந்திருப்பேன். "உங்க மகன்" என்றுதான் அவனைக் குறிப்பிடுவேன், எனக்கும் அவனுக்கும் உறவே இல்லாதது போல. அம்மா பதில் சொல்லாமல் மாவு கரைத்துக்கொண்டிருப்பார்.

அம்மாவோ அவன் ஓடிவிட்டான் என்பதை ஒப்புக்கொள்ளவே மறுத்தார். கூட்டுக்காரப் பெண்களிடம், அவனுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் அனுப்பிவிடுவான் என்று முதல் மூன்று மாதமும் சொன்னார். பொய் சொல்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வரும். பின்னாளில் ஜெனிஃபர் ஃபிரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் முன்வைத்த ஒரு கருத்தைப் படித்தபோதுதான் அம்மாவைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டேன். நாம் யாரைச் சார்ந்து வாழ்கிறோமோ அவரே நமக்குத் துரோகம் செய்தால், அதைக் காணாமல் இருப்பதே பிழைக்கும் வழி என்று மனம் முடிவு செய்துவிடுகிறது என்கிறார் அவர். கண்டுவிட்டால் உறவை முறிக்க வேண்டும், முறித்தால் வாழ முடியாது. குழந்தைகளை மனத்தில் வைத்து அவர் அதிகம் சொன்னது, வயதான தாய்மார்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு ஒரே மகன். தனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். அந்த ஒரு காரியத்துக்காக அவன் தேவைப்பட்டான். தேவைப்படுகிறவனைத் திருடன் என்று எப்படிச் சொல்வது?

காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று என் கணவர் சொன்னார். லாரி ஓட்டுபவர், எதையும் நேராகச் செய்துவிட வேண்டும் என்பவர். ஆனால் இந்த நாட்டில் கூட்டே சட்டத்துக்குப் புறம்பானது. 1971ஆம் ஆண்டிலேயே கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே கூட்டு என்ற நம்முடைய சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கூட்டை நடத்தியவர்தான் முதலில் குற்றவாளி ஆவார். அதாவது புகார் கொடுத்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அம்மா. அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. கூட்டுப் பணத்தோடு தலைவியே காணாமல் போய்விட, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுத கதைகளை எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஆனால் எங்களுக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறானது, அதற்கு எந்த அலுவலகத்திலும் ஒரு புகார்ப் படிவம் கிடையாது.

ஆகவே கட்டினோம். மாதம் 600இல் என் பங்கு 400, அம்மாவின் பங்கு 200. அம்மாவின் பங்குக்காக அவருடைய இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. 2,800 வெள்ளி கிடைத்தது. மாதத்துக்கு இரண்டு விழுக்காடு வட்டி, ஆறு மாதத் தவணை. முதல் தவணை முடிந்தபோது வட்டி 336 வெள்ளியைக் கட்டி மறுபடி வைத்தோம். இரண்டாவது தவணையில் கட்ட முடியவில்லை. சங்கிலி முழுகிவிட்டது. அப்பா உயிரோடு இருந்தபோது, மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களையும் தாண்டிச் சேர்த்து வாங்கிக் கொடுத்த சங்கிலி அது. அன்று அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து அடகுச் சீட்டைக் கூட்டுப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் வைத்து மூடினார்.

2012 ஆகஸ்டில் கடைசிக் கூட்டை எடுத்த பெண், எங்கள் லயத்தில் ஒரு காலத்தில் ஆயாக் கொட்டகையில் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலை பார்த்த பாட்டி. பணத்தை வாங்கிக்கொண்டு எண்ணாமலேயே முந்தானையில் முடிந்துகொண்டார். அம்மா எண்ணிப் பாருங்கள் என்று வற்புறுத்தினார். அந்தப் பாட்டி எண்ணவில்லை. இத்தனைக்குப் பிறகும் எண்ணாமல் வாங்கிய அந்தக் கையைப் பார்த்துத்தான், பதினான்கு மாதம் கட்டியது வீண் போகவில்லை என்ற எண்ணம் எனக்கு முதல்முறையாக வந்தது.

பணம் ஒரு வழியாகத் தீர்ந்துவிட்டது. தீராமல் நின்றது வேறொன்று. நானும் அவனும் நான்கு வயது வித்தியாசத்தில் பிறந்தவர்கள். விடியற்காலையில் அம்மா பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகும்போது, தூக்கம் கலையாத அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறவள் நான். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு நிறைக்கு, அதாவது அவர் பால் வெட்டும் மர வரிசைக்குப் போய், இருவரும் பால் வடியும் மங்குகளில் காய்ந்த ஒட்டுப்பாலை உருவிப் பந்து செய்வோம். யார் பந்து பெரியது என்று போட்டி. அவன் தன் பந்துக்குள் மண்ணாங்கட்டியை வைத்து உருட்டி ஒருமுறை ஜெயித்தான். அம்மாவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எத்தனையோ முறை எங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்த கதை அது. 2011க்குப் பிறகு அதை நினைக்கும்போதெல்லாம், அப்போதே அப்படித்தானோ என்ற கேள்வி வந்து நிற்கும். ஏழு வயதுப் பையனின் விளையாட்டுக்கும் முப்பது வயது ஆளின் மோசடிக்கும் தொடர்பு தேடுவது அநியாயம் என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் கேள்வி வருகிறது. ஏப்ரல் மாதம் இரண்டாவது பங்கை எடுத்த அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். அம்மா ஐந்தாவது தோசை போடும்போது "போதும்மா" என்று கையால் தட்டை மறைத்தான். ஓடப்போவது அன்றைக்கே அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தே சாப்பிட்டானா? பணத்தை எடுத்தவன் நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தத் தோசை சாப்பிட்ட மாலையை எனக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

காரணம் பின்னால் தெரிந்தது. நாலு நம்பர் லாட்டரிப் பழக்கம், அதற்காக ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரன்) வாங்கிய கடன், கடனை அடைக்க இன்னொரு ஆலோங். அவன் மாமனார் வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். மத்திய வங்கி 2006இல் ஏற்படுத்திய கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாகவே வழிகாட்டும். ஆனால் அது வங்கிக் கடன்களைச் சீரமைப்பதற்கானது, ஆலோங்கோடு பேரம் பேச அங்கே ஆள் கிடையாது. அவன் எவ்வளவு பயந்திருப்பான் என்பதை நினைத்துப் பார்க்க என்னால் முடிகிறது. அன்று என்னிடம் வந்து, அக்கா, என்னைக் கொல்லப்போகிறார்கள் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதையும் நேர்மையாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். திட்டியிருப்பேன், பிறகு அந்தச் சங்கிலியை நானே கழற்றச் சொல்லியிருப்பேன். முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அப்போது அது நாங்கள் கொடுத்ததாக இருந்திருக்கும். காரணம் தெரிந்த பிறகு என் தூக்கம் கொஞ்சம் திரும்பி வந்தது, அவ்வளவுதான். விளங்கிக்கொண்டால் மன்னித்துவிடலாம் என்று சொல்பவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

உறவினர்கள் பேசிய பேச்சு தனி. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று ஒரு பெரியம்மா என்னிடம் குறைந்தது பத்து முறை சொல்லியிருப்பார். அந்தப் பழமொழி பாதிக்கப்பட்டவரிடம் மட்டுமே ஏன் சொல்லப்படுகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவனுடைய தசை எங்கே போயிற்று என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். ஆறு மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. விட்டுக்கொடு, மறந்துவிடு, ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொல்பவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அடுத்த கல்யாணத்தில் யாரை எங்கே உட்கார வைப்பது என்ற சங்கடம் அவர்களுக்குத் தீர வேண்டும்; அந்தச் சங்கடத்தைத் தீர்க்கும் வேலையையும் என் தலையிலேயே வைக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்ட பிறகு, அந்தப் பேச்சு முன்போல் என்னைச் சுடவில்லை.

உறவை அறுத்துவிடு என்று சொன்னவர்களும் உண்டு, குறிப்பாகக் கோலாலம்பூரில் இருக்கும் என் தோழி. நகரத்தில் அது முடியும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் ஆளை அறுக்கலாம், முறையை அறுக்க முடியாது. 2013இல் என் மகளுக்குச் சடங்கு செய்தபோது இதை அனுபவத்தில் கண்டேன். தாய்மாமன் ஓலை கட்ட வேண்டும், மாலை போட வேண்டும், சீர் வைக்க வேண்டும். அவன் எங்கே என்றே தெரியாத காலம் அது. பெரியப்பா மகனை அந்த இடத்தில் நிற்க வைத்தோம். அவர் குறையில்லாமல் செய்தார். ஆனால் வந்த ஒவ்வொருவரும் அந்த இடத்தில் நிற்பவரைப் பார்த்துவிட்டு நிற்காதவனைப் பற்றியே பேசினார்கள். அவன் இல்லாத அந்தப் பந்தலில், முன்பு எப்போதையும்விட அதிகமாக அவன் இருந்தான்.

2017இல் அம்மா இறந்தபோது அவன் வந்தான். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. விடியற்காலையில் ஒரு பையோடு வாசலில் நின்றான், முடி பாதி நரைத்திருந்தது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். போய்க் குளித்துவிட்டு வா என்று சொன்னேன். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் சொல் அதுதான். கொள்ளிக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் சுற்றி வந்தபோது, அம்மா இதற்காகத்தான் மூன்று மாதம் பொய் சொன்னார், இதற்காகத்தான் என் வசவுகளைக் கேட்டுக்கொண்டு மாவு கரைத்தார் என்று தோன்றியது. அவருக்கு வேண்டியது அவருக்குக் கிடைத்தது. அதில் எனக்கு மகிழ்ச்சியா துக்கமா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது, செலவுக்கு என்று 500 வெள்ளியை ஓர் உறையில் வைத்துக் கொடுத்தான். அவன் போன பிறகு கூட்டுப் புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அவன் பெயரை எழுதி, 8,400 என்று போட்டு, அதற்குக் கீழே 500 கழித்து, 7,900 என்று எழுதினேன். காரியச் செலவுக்குக் கொடுத்த பணத்தைக் கடனில் கழிப்பது கணக்கு முறைப்படி தவறு என்று எனக்குத் தெரியும். என் முதலாளி பார்த்திருந்தால் கண்டித்திருப்பார். ஆனால் அதை எழுதிய அன்று நெடுநாளைக்குப் பிறகு ஒரு விதமான அமைதி ஏற்பட்டது. அதுவரை அவன் செய்தது எனக்குள் எல்லை இல்லாமல் கிடந்தது. அம்மாவின் முகம், சங்கிலி, ஒட்டுப்பால் பந்து, தோசை, எல்லாவற்றின்மேலும் அது படர்ந்திருந்தது. அவற்றில் ஒரு பகுதியாவது இவ்வளவு என்று எண்ணிச் சொல்லக்கூடியது, ஒரு கோட்டுக்குக் கீழே எழுதி வைக்கக்கூடியது என்று ஆனபோது, மற்றதைச் சுமப்பது கொஞ்சம் இலேசானது.

அதன் பிறகு அவன் தீபாவளிக்கு வருவான், திதிக்கு வருவான். சாப்பாடு போடுவேன். 2019இல் கார் வாங்க வேண்டும், ஜாமீன் கையெழுத்துப் போடுவாயா அக்கா என்று கேட்டான். திவால் சட்டத்தில் 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த திருத்தப்படி, சொந்த உபயோகத்துக்கான வாகனக் கடனுக்கு இலாப நோக்கில்லாமல் ஜாமீன் போட்டவரைத் திவால் ஆக்க முடியாது என்று அவனே படித்துவிட்டு வந்து சொன்னான். உண்மைதான். ஆனால் ஜாமீன்காரரைத் திவால் ஆக்க முடியாது என்பதற்கு, அவரிடம் கடனைக் கேட்க முடியாது என்று பொருள் இல்லை. வழக்குப் போட்டு வசூலிக்கலாம். அதையும் நான் படித்திருந்தேன். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்ல முடிந்தது எனக்கே வியப்பாக இருந்தது. முன்பெல்லாம் மறுத்தால் உறவு போய்விடும் என்று பயப்படுவேன், அல்லது சோறு போட்டால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று பயப்படுவேன். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே இருக்க முடியும் என்று அன்று தெரிந்தது. நம் உறவுமுறை அமைப்பே ஒருவேளை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறதோ என்று சில சமயம் நினைக்கிறேன். தாய்மாமன் என்பது ஓர் இடம். அந்த இடத்தில் நிற்பவன் நல்லவனாக இருந்தாக வேண்டும் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. மாலையைத் தூக்கிப் போடும் அளவுக்கு அவனுக்குக் கை இருந்தால் போதும். அந்தக் கையில் பெட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

மகளின் திருமணம் நிச்சயமானபோது அவளிடம்தான் முதலில் கேட்டேன். அவளுக்கு 2011இல் பத்து வயது. அந்த ஆண்டு தீபாவளிக்குப் புதுத் துணி எடுக்காத காரணம் அவளுக்குத் தெரியும். யோசித்துவிட்டு, "மாமா நிக்கட்டும்மா, ஆனா நீங்க அவர்கூட சிரிச்சுப் பேசணும்னு யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது" என்றாள். எனக்குத் தோன்றாத தெளிவு அது. பத்திரிகை வைக்கக் கணவரோடு அவன் வீட்டுக்குப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து முறைப்படி அழைத்தேன். வாங்கிக்கொண்டான். வாசல்வரை வந்து, "அக்கா, மொய் யார் எழுதறது?" என்று மெதுவாகக் கேட்டான். எங்கள் பக்கத்தில் அது பெண்ணின் மாமன் உட்காரும் மேசை. பக்கத்து வீட்டு அக்கா எழுதுகிறார் என்று சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, செருப்பைக் கால்விரலால் நேராக்கி வைத்துக்கொண்டே நின்றான்.

கோவில் மண்டபத்தில் அவன் சீர்த்தட்டுகளோடு வந்தான். பட்டுப்புடவை, பழம், ஒரு மெல்லிய சங்கிலி. இரட்டை வடம் இல்லை. அதை நானும் பார்த்தேன், நான் பார்ப்பதை அவனும் பார்த்தான். மகளின் நெற்றியில் பட்டம் கட்டும்போது அவன் கை நடுங்கி முடிச்சு விழவில்லை. பெரியப்பா மகன் பின்னால் நின்று பிடித்துக்கொடுத்தார். யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் இல்லை, மணமேடைக்குப் பின்புறம் எதையோ தேடிப் போயிருந்தேன். எதைத் தேடினேன் என்பது நினைவில்லை.

பந்தி முடிந்து பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது என் அருகில் வந்து நின்றான். "அந்தப் பொஸ்தகத்துல இன்னும் எவ்வளவு நிக்குதுக்கா?" என்றான். புத்தகம் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று திகைத்தேன். அம்மாவின் மகனுக்குத் தெரியாமல் இருக்குமா? 7,900 என்றேன். மாதம் 200 போடட்டுமா என்று கேட்டான். உன் இஷ்டம் என்றேன். போடு என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பணம் இப்போது எனக்கு அத்தனை அவசியமும் இல்லை. ஆனால் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டால், 2011 ஜூலையிலிருந்து ஒவ்வொரு மாதமும் நானும் அம்மாவும் எண்ணி வைத்த 600 வெள்ளியை நானே அற்பமாக்கியதாக ஆகும் என்று பட்டது.

பிப்ரவரியில் 200 வந்தது. மார்ச்சில் வந்தது. ஏப்ரலில் வந்தது. ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதினேன். மே மாதம் வரவில்லை. என் கணவர், பழைய குணம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, தொலைபேசியிலும் கேட்கவில்லை. ஜூன் முதல் வாரம் 400 வந்தது, எந்தக் குறிப்பும் இல்லாமல். கழித்து எழுதினேன்: 6,900. இது ஜூலை, இன்று 19ஆம் தேதி. இந்த மாதத்துப் பணம் இன்னும் வரவில்லை. அந்த வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.